ஐந்து பேர் நிற்கும் படம்

விடியக்காலம் ஐந்து மணிக்குச் சுஜா குழந்தைக் காப்பகத்தின் கூடத்தைக் கழுவத் தொடங்குவாள். முந்தின நாள் மூத்திரமும் பால்வாடையும் சிமெண்டுத் தரையில் ஊறிக் கிடக்கும். குழாயில் தண்ணீர் வந்து வாரம் பத்தாகிறது. கீழே கிணற்றிலிருந்து பன்னிரண்டு குடம் சுமந்தால்தான் தரை தரையாகத் தெரியும். அடுக்களையில் ராகேல் கஞ்சிக்கு உலை வைத்துவிட்டுப் பயறு களைவாள். மூவரில் இளையவளான ஷிபா பாய்களை உதறி, தொட்டில் சேலைகளின் முடிச்சை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். ஆறு மணிக்குத் தாய்மார் வருவார்கள். விழிஞ்ஞத்துக்கு மேலே எழும்புகிற அடுக்குமாடிகளில் கல்லும் மணலும் சுமக்கிற, சங்கரன்கோவில், வள்ளியூர்ப் பக்கத்துப் பெண்கள். ஆறரைக்கு சைட் பஸ். தூக்கம் கலையாத பிள்ளைகளைக் கை மாற்றிவிட்டு ஓடுவார்கள். அப்புறம் முப்பத்துநாலு மூக்கும் முப்பத்துநாலு வயிறும் இந்த மூன்று பெண்களின் பாடு.

கண்ணுக்கு மூன்று பேர். காகிதத்தில் ஐந்து.

இந்தக் காப்பகத்துக்குச் சர்க்கார் பணம் தருகிறது. ஏழு பிள்ளைக்கு ஓர் ஆயா வேண்டும் என்பது விதி, நல்ல விதிதான். ஒவ்வொரு ஆயாவும் தன் பிள்ளைகளோடு நிற்கும் படம் காலை பத்து மணிக்குள் சர்க்காரின் போன் ஆப்பில் ஏற வேண்டும். காப்பகத்தை நடத்தும் டிரஸ்டின் செக்ரட்டரி ஸ்ரீஜித்துக்கு, ஆள் போடுவதைவிடச் சேலை வாங்குவது லாபமாகப் பட்டது. இரண்டு சேலை, இரண்டு மாஸ்க், ஒரு மூக்குக்கண்ணாடி. சுஜா பச்சைச் சேலை உடுத்து முகத்தை மூடினால் பிரேமா. ஷிபா கண்ணாடி போட்டால் அம்பிளி. பிறக்காத பிரேமாவும் பிறக்காத அம்பிளியும் மாதம் தவறாமல் சம்பளம் வாங்கினார்கள். அது யார் பையில் விழுகிறது என்று கேட்டால், "காம்ப்ளையன்ஸ் சேச்சி, காம்ப்ளையன்ஸ்" என்பான், விதிப்படி நடக்கிறோமாம். அந்தச் சொல்லைச் சொல்லும்போது அவன் வாயில் சீனி கரையும்.

இரண்டு வருடம் சுஜா இதைச் செய்தாள். பதிவேட்டில் பிரேமாவின் கையெழுத்தையும் அவளே போட்டாள். பாறசாலையில் வாடகை வீடு, மூச்சிரைக்கிற புருஷன். வேலை போய்விடுமோ என்று பயந்தவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் பொய் பொய்தான். அது யாரையாவது சுடாமல் விடுமா?

சுட்டது இரண்டரை வயது இசக்கியை.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே முக்கால். ராகேல் கஞ்சிப் போணியைக் கூடத்தில் ஆற வைத்து, "பாத்துக்கிடு மக்கா" என்று சுஜாவிடம் சொல்லிவிட்டுத் தட்டுக் கழுவப் போனாள். ஷிபா வாசல் வெளிச்சத்தில் ஏழு பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக்கொண்டிருந்தாள். சுஜாவின் போன் அடித்தது. "ரெண்டு போட்டோ இன்னும் ஏறல. பத்து மணி ஆகப் போகுது கேட்டோ" என்றான் ஸ்ரீஜித். சுஜா சாமான் அறைக்கு ஓடினாள். பச்சைச் சேலையின் கொசுவத்தைச் செருகும்போது அந்த அலறல் கேட்டது. பாதி உடுத்த சேலையோடு அவள் ஓடி வந்தபோது, போணி சரிந்து கிடந்தது. பிள்ளையின் வலக்கையும் தொடையும் வெந்து தோல் சுருண்டிருந்தன. சுஜா பிள்ளையை வாரி எடுத்து ஆட்டோவில் ஏறினாள். ஆட்டோ ஆஸ்பத்திரிக்குப் பறந்தது.

மறுநாள் ஸ்ரீஜித் டைப் அடித்த காகிதத்தோடு வந்தான். 'நான் போனில் பேசிக்கொண்டிருந்ததால் குழந்தையைக் கவனிக்கவில்லை. பிழை என்னுடையது.' கீழே சுஜாவின் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

"ஒப்பிடணும் சேச்சி. ஒரு மாசம் வீட்ல இருந்தா போதும், பின்னே நானே விளிப்பேன்."

"நான் சேலை மாத்தப் போனேன் சாரே. நீங்கதான் போன் போட்டிய."

"அப்படியா? ரெஜிஸ்டர எடுத்துப் பாரு. அன்னிக்கு அஞ்சு பேர் ஒப்பிட்டிருக்கு. அஞ்சு பேர் இருக்கும்போ ஒரு பிள்ளை வெந்து போச்சுன்னா, குத்தம் பார்த்துக்க நின்னவளுக்கா, போன் போட்டவனுக்கா?" அவன் சிரித்தான். "பிரேமாட ஒப்பு ஆருடைய கையெழுத்துன்னு போலீஸ் கேட்டா, நீதான் பதில் சொல்லணும்."

 சுஜா தன் கையால் திரித்த கயிறு அவள் கழுத்துக்கே வந்துவிட்டது.

"ஒப்பிடலைன்னா?"

"சர்க்கார் கிராண்ட் நிக்கும். சென்டர் பூட்டும். முப்பத்துநாலு பிள்ளைகளையும் நீயே நடுரோட்டுல நிறுத்துனேன்னு அந்தப் பாண்டிப் பெண்ணுங்க உன் முடியப் பிடிச்சுப் பிச்செடுக்கும். நாளை பத்து மணிக்கு விசாரிக்க சர்க்கார் ஆபீசர் வருவாங்க. அதுக்கு முன்னே காகிதம் எனக்குக் கிட்டணும்."

அவன் போனதும் ராகேல் தலையில் கை வைத்தாள். "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைச்சோம் மக்கா. இப்பம் சோறும் போச்சு. ஒப்பிட்டுரு, ஒரு மாசந்தானே."

"அடுத்த மாசம் வேற பிள்ளை வெந்தா, உன் பேரு போட்டுக் கொண்டு வருவான், ராகேலக்கா" என்றாள் ஷிபா.

சுஜா காகிதத்தை மடித்து இடுப்பில் செருகினாள். ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

இசக்கியின் அம்மா நாச்சியார் கட்டிலோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். சுஜாவைக் கண்டதும் எழுந்து, சிமெண்டு அரித்த கையால் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

"எம் புள்ளைய வேக வச்சவளே! எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுளா வந்த?"

சுஜா கன்னத்தைத் தடவவில்லை. சேலையை, மாஸ்க்கை, கள்ளக் கையெழுத்தை, எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க நாச்சியாரின் முகம் கல்லாகிப் போனது.

"அப்பம் பிரேமான்னு ஒருத்தி இல்லியா? அம்பிளி?"

"இல்லக்கா. நாங்க மூணு பேருதான்."

"ரெண்டு வருசமா எங்களையும் ஏச்சிருக்கிய. அஞ்சு பேரு இருக்காவன்னு நம்பில்லா விட்டுட்டுப் போனோம்." நாச்சியார் மூச்சு வாங்கினாள். "நீ சொல்லாட்டி எனக்குத் தெரியவா போவுது? ஏன் வந்து சொன்ன?"

"நான் ஒப்பிட்டா பழி என்னோட முடிஞ்சிரும். பிள்ளைகளுக்கு ஆளு வராது. நாளைக்கு நான் உள்ளதைச் சொல்லப் போறேன். போலீசு பிடிச்சாலும் செரி."

நாச்சியார் மகளின் கையில் இருந்த கட்டைப் பார்த்தாள். பிறகு, "போ" என்றாள். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை ஆறரைக்கு சைட் பஸ் வந்து ஹாரன் அடித்தது. யாரும் ஏறவில்லை. மறுபடி அடித்தது. சூப்பர்வைசர் ஜெயன் இறங்கி வந்து பார்த்தால், இருபத்தெட்டுப் பெண்கள் சும்மாட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் பிள்ளையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு, ராத்திரியே எல்லாருக்கும் சேதி சொன்ன நாச்சியார் நடுவில் இருந்தாள்.

"கான்கிரீட் போடுற நாளு! ஒருத்தியும் வரலைன்னா நாளை முதல் ஒருத்திக்கும் வேலை இல்ல!"

"கான்கிரீட்ட உன் மொதலாளியே சொமக்கட்டும். ரெண்டு சட்டி தூக்குனா பசி நல்லா எடுக்கும்" என்றாள் ஒருத்தி. பஸ் காலியாகப் போனது.

பத்து மணிக்கு ஆபீசர் ராஜபாய் மேடம் வந்தார். நாகர்கோவில்காரர், தமிழிலேயே கேட்டார். "எத்தனை ஸ்டாஃப்?"

"அஞ்சு மேடம். ரெண்டு பேர் இன்னிக்கு லீவு" என்றான் ஸ்ரீஜித்.

"மூணு" என்றாள் சுஜா.  பச்சைச் சேலையைக் கொண்டுவந்து மேசையில் போட்டாள். "பிரேமா இதுதான் மேடம். கள்ள ஒப்புப் போட்டது நான். போடச் சொன்னது இவரு."

ஷிபா போனிலிருந்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். சுஜாவின் இடது மணிக்கட்டில் இருந்த தீக்காய வடு பிரேமாவின் மணிக்கட்டிலும் இருந்தது. ராகேல் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அடுக்களையிலேர்ந்து எல்லாத்தையும் நான் கண்டேன். சமையலும் நானே, ஆயாவும் நானே. எழுதிக்கிடுங்க மேடம்" என்றாள்.

"சொந்தச் சோத்துல மண்ண வாரிப் போட்டாச்சு" என்று பல்லைக் கடித்தான் ஸ்ரீஜித்.

"எங்க புள்ளையளோட சோத்துல நீ மண்ணப் போட்டிய, அதுக்கு என்ன சொல்லுத?" என்று எழுந்தாள் நாச்சியார். 

ராஜபாய் மேடம் பேனாவை மூடினார். "இதை எழுதினா கிராண்டை நிறுத்தி வைக்கணும். விசாரணை முடிய எத்தனை மாசமோ தெரியாது. இவங்க மூணு பேர் மேலயும் நடவடிக்கை வரலாம். புரிஞ்சுதா?"

 ஒரு பிள்ளை தும்மியது.

"எழுதுங்கம்மா" என்றாள் நாச்சியார். "இன்னையிலேர்ந்து தெனமும் ரெண்டு பேரு கூலிய விட்டுட்டு இங்க இருப்போம். மொறை போட்டாச்சு. அதுக்காவ சர்க்காரு கையக் கழுவ முடியாது. அஞ்சு ஆளுன்னு விதி வச்சது நீங்க. பதினஞ்சு நாளுல அஞ்சு ஆளு வரணும். இவளுவ சொல்லித்தான் உண்மை வந்துருக்கு, இவளுவளத் தொடக்கூடாது. இல்லன்னா முப்பத்துநாலு புள்ளையளையும் தூக்கிட்டு உங்க ஆபீசுக்கு வந்துருவோம். அங்க தொட்டில் கட்ட எடம் பாத்து வச்சிருங்க."

மேடம் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து எழுதத் தொடங்கினார். ஸ்ரீஜித் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போனான். வக்கீலைக் கூப்பிடுகிறானோ, பெரிய கைகளைக் கூப்பிடுகிறானோ, யார் கண்டது. இனிமேல்தான் சண்டை.

சுஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு நாச்சியாரின் பக்கத்தில் வந்தாள். "அக்கா..."

"அக்காவும் கிடையாது, நொக்காவும் கிடையாது. உன் மேல எனக்குள்ள கோவம் இன்னும் தீரல, கேட்டியா? அது எம் புள்ள கை ஆறுன பெறவு பேசிக்கிடுவோம்." நாச்சியார் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள். "இன்னைக்கி மொத மொறை எனக்குத்தான். அந்தப் போணிக்கு ஒரு பக்கம் நீ பிடி."

இருவரும் குனிந்து போணியின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துத் தூக்கினார்கள்.