முன்னறைக் குடித்தனம்

வீரையனின் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள் பூவம்மாள். முன்னறையில் தையல் மிஷினை இழுக்கும் சத்தம் கேட்டது. முடிச்சுப் போட்ட கை அப்படியே நின்றது.

நாத்தனார் அம்சம் சந்து வழியே போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள்.

"மிஷினு, பொட்டி, பாயி எல்லாம் தெருவுல கெடக்கு அண்ணி. எங்கண்ணன் ஒடம்பு சூடு ஆறல, அதுக்குள்ள காலி பண்றாங்க ஒங்க குடித்தனக்காரங்க."

பூவம்மாள் முடிச்சை இறுக்கினாள். செத்த வீட்டில் குடியிருக்கப் பிறத்தியார் பயப்படுவது உலக வழக்கம்தான். ஆனால் இந்த வீடு நிற்பதே அந்த வாடகையில். பண்ணையோடு மல்லுக்கட்டி, கொடி பிடித்து, ஜெயிலுக்கும் போய் வந்து வீரையன் வாங்கிய மனைப்பட்டா. அதைச் சொசைட்டியில் அடமானம் வைத்துத்தான் ஓடு போட்டான். வேலை முடிந்த கையோடு, தவணை கட்ட வழியில்லாமல், காற்றோட்டமான முன்னறையைத் தையல்கார மூஸாவுக்கு வாடகைக்கு விட்டுவிட்டுக் கொல்லைச் சாய்ப்புக்குக் குடி வந்தார்கள். அன்று முதல் சொந்த வீட்டுக்குப் போக வரச் சந்துதான். கட்டினவன் ஒரு ராத்திரிகூட அந்த அறையில் படுத்ததில்லை. இனி மூஸாவும் போய்விட்டால் சொசைட்டிக்காரன் வீட்டை ஏலம் போட்டுவிடுவான்.

சந்தில் காலடி கேட்டது. மூஸா வந்து நின்றான். தலையெல்லாம் ஒட்டடை.

"அக்கா, முன்னறைய கழுவி விட்டாச்சு. அண்ணன தூக்கிட்டு வரலாமா?"

"எங்க தம்பி?"

"எங்கயா? இந்தச் சந்துல பாடை திரும்புமா? வீட்டுக்காரரு வாசல் வழியாத்தானே போவணும்?"

பின்னாலேயே வந்த அவன் மனைவி ஹமீதா பானு, "சாமான் தெருவுல கெடந்தா கெடக்கட்டும். மழையா பேயுது?" என்றாள்.

அம்சம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தாள்.

வீரையன் அன்றுதான் முன்னறையில் படுத்தான். சங்கத்துத் தோழர்கள் சிவப்புத் துணி போர்த்தினார்கள். ஊர்ச்சனம் வாசல் ஏறி வந்து பார்த்தது. வாசல் வழியாகவே போனான்.

பொழுது சாயும்போது சாமான்கள் உள்ளே வந்தன. மிஷின் எப்போதும் ஜன்னலோரம்தான் இருக்கும். இப்போது அங்கே, வீரையன் தலை இருந்த இடத்தில், படி நெல்லில் வைத்த விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மூஸா மிஷினை எதிர்ச் சுவரோரம் தள்ளினான்.

"அங்க வெளிச்சம் வராதே தம்பி. வெளக்க நான் சாய்ப்புல வச்சிக்கிறேன்."

"இருக்கட்டும்க்கா. அதான் வெளக்கு எரியுதுல்ல."

ஊசியைச் சுடர்ப் பக்கம் பிடித்து நூல் கோத்தான். பூவம்மாள் எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்துவந்து விளக்கில் இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.