நாலாம் நம்பரை ஏன் கொடுத்தார்கள்

ஐஸ் ஹாக்கியைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் இரண்டு வருடமாகத் தினமும் அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். தலையெழுத்து.

என் மகன் ஆதித்யா கனடாவில் மேல்படிப்பு படிக்கிறான். அங்கே காலை ஒன்பது மணிக்கு அவன் காலேஜ் பஸ்ஸில் ஏறி உட்காரும்போது இங்கே மாலை ஆறு. துபாயில் ஆபீஸை முடித்து அஜ்மானில் இருக்கிற வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருப்பேன். பக்கத்து சீட்டில் முகம்மது சித்தீக், பின்சீட்டில் நாகலிங்கம். மூவரும் ஒரே ஆபீஸ், ஒரே கார். சித்தீக் பாய் கீழக்கரைக்காரர், வழியில் முவைலாவில் இறங்கிக்கொள்வார். நாகலிங்கத்துக்குக் கோவில்பட்டி. நான் கோயம்புத்தூர். ஆறு மணிக்கு ஃபோன் அடித்தால் ஸ்பீக்கரில் போடுவேன், ஒளிவுமறைவு கிடையாது.

அவன் போன முதல் வருடம் அந்த ஃபோனில் என்ன பேசினோம் என்கிறீர்கள்? சாப்பிட்டாயா, சாப்பிட்டேன். குளிரா, குளிர்தான். சரிப்பா, வெக்கிறேன். இரண்டு நிமிடம். ஆபீஸ் வாசலைக்கூடத் தாண்டியிருக்க மாட்டேன்.

ஒருநாள் அவன் ஊர் ஹாக்கி டீம் தோற்றுவிட்டது என்றான். எதையாவது சொல்ல வேண்டுமே என்று, "அந்த கோல்கீப்பரைப் பிடிச்சு நாலு சாத்து சாத்தோணும்" என்றேன். "அப்பா, கோலி மேல தப்பே இல்ல, டிஃபென்ஸ்தான் சொதப்பிட்டாங்க" என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. ஷார்ஜாவுக்குள் நுழைகிற இடத்தில் நேஷனல் பெயிண்ட் என்றொரு முனை உண்டு, சாயந்தரத்தில் வண்டிகள் ஊர்ந்து உயிரை எடுக்கும். அதைத் தாண்டும்வரை பேசினான். அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன் சூட்சுமத்தை. ஆமாம் போட்டால் இரண்டு நிமிடம். இல்லை என்றால் ஒரு மணி நேரம்.

அதிலிருந்து அவன் எதைச் சொன்னாலும் நான் மறுப்பேன். மத்தியானம் சாப்பிடும்போது ஃபோனில் ஆட்டச் செய்திகளைப் படித்துவிட்டு, அவன் என்ன சொல்வான் என்று கணித்து, அதற்கு எதிர்க்கட்சி வாதத்தைத் தயார் செய்வேன். கூட இருந்த இருவரும் என்னோடு சேர்ந்து கெட்டுப்போனார்கள். நாகலிங்கம் பள்ளிக்கூடத்தில் நிஜமான ஹாக்கி ஆடியவன், கடைசியில் நின்று தடுக்கிற ஃபுல் பேக். "இது என்ன ஹாக்கி சார், ஐஸ்ல சறுக்கிக்கிட்டே மோதிக்கிடுதானுவ" என்று முதலில் இளக்காரம் பேசினான். ஆறே மாதத்தில் அவனும் ஸ்கோர் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

அந்த டீமில் ஆதிக்கு உயிர் ஒரு டிஃபென்ஸ்காரன் மேல். அந்த ஊரிலேயே பிறந்து, அந்த ஊர் ஐஸிலேயே வளர்ந்தவன். பெயர் எங்கள் வாயில் நுழையாததால் காரில் அவனுக்கு நாலாம் நம்பர் என்றே பெயர். கோல் போட மாட்டான். கடைசியில் நிற்பான். எவன் எவ்வளவு வேகமாகப் பந்தைத் தள்ளிக்கொண்டு வந்தாலும், பந்து என்ன பந்து, கறுப்பாக ஒரு வட்டு, அவனை அப்படியே ஓரமாக ஒதுக்கிச் சுவரோடு சேர்த்து நிறுத்திவிடுவான். "அவந்தான் சார் ஆட்டக்காரன்" என்பான் நாகலிங்கம்.

இதெல்லாம் வெளியே. உள்ளே எனக்கு வேறொரு கவலை அரித்துக்கொண்டிருந்தது. ஆதி அஜ்மானில் பிறந்தவன். அவனுடைய ரெசிடென்ஸ் விசா என் பெயரில் இருக்கிறது. தொடர்ந்து ஆறு மாதம் வெளியே இருந்தால் அது செத்துப்போகும். ஜூனில் வந்துவிட்டுப் போனவன், டிசம்பர் பன்னிரண்டுக்குள் ஒரு தடவை வந்து தலைகாட்ட வேண்டும். அவனுக்கு வயது இருபத்தைந்து முடிந்துவிட்டது. இது போனால் அப்பன் பெயரில் இன்னொன்று போட முடியாது. அவன் பிறந்த ஊரில் அவனுக்கு இருக்கிற ஒரே பிடி அது.

தினமும் கதவைத் திறக்கும்போதே என் மனைவி பத்மா கேட்பாள். "வரச் சொன்னீங்களா?"

"பேச்சு வேற பக்கம் போயிருச்சு."

"அதென்னங்க, ஒரு மணி நேரம் பேசறீங்க, வான்னு ஒரு வார்த்தை வர மாட்டீங்குதா?"

வராது. ஏனென்றால் அவனை அனுப்பியதே நான். ஷார்ஜாவிலேயே படிக்கிறேன், வீட்டிலிருந்தே போய்வருகிறேன் என்று கெஞ்சினான். பத்மாவும் அவன் பக்கம். நான்தான் ஹாலில் நின்று கத்தினேன். இந்த ஊரில் நமக்கு என்ன இருக்கிறது, எல்லாம் வாடகை, வளர்கிற பையன் வெளியே போக வேண்டும் என்று. அப்படிப் பேசிய வாயால் இப்போது எப்படி வா என்று கூப்பிடுவது? அவனாகச் சொல்லட்டும் என்று வீம்பாக இருந்துவிட்டேன்.

நவம்பர் கடைசியில் ஒருநாள் ஆறு மணிக்கு ஃபோன் வந்தது.

"அப்பா, நாலாம் நம்பரைக் கொடுத்துட்டாங்க."

"கொடுத்துட்டாங்கன்னா?" என்றார் சித்தீக் பாய்.

"டிரேட், அங்கிள். வேற டீமுக்கு. பதிலுக்கு ரெண்டு சின்னப் பசங்க, அடுத்த வருஷம் புதுசா ஆள் எடுக்கறப்போ ஒரு சான்ஸ். அவ்ளோதான்."

"கிறுக்குப் பயலுவ" என்றான் நாகலிங்கம். "ஃபுல் பேக்கைக் கொடுத்துட்டு எவனாவது ஆடுவானா?"

"யாவாரமா பாத்தா ஒண்ணுக்கு மூணு வருதுல்ல?" என்றார் பாய்.

"பாய், கடைக் கல்லாப்பெட்டியக் கொடுத்துட்டு மூணு பை வாங்குன மாதிரி இருக்கு" என்றான் நாகலிங்கம்.

ஆதியின் குரல் கம்மியிருந்தது. பெற்ற அப்பனுக்குத் தெரியாதா? அன்றைக்காவது ஆமாம் போட்டிருக்க வேண்டும். ஆனால் பழக்கதோஷம். என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"நல்ல காரியந்தான் பண்ணியிருக்காங்க" என்றேன். "அந்த ஊர்ல அவனுக்கு என்ன இருக்குது? பெரிய டீமுக்குப் போறான். வளர்ற பையன் வெளிய போனாத்தான் நல்லாருப்பான்."

"அவனுக்குப் போக இஷ்டமான்னு யாராவது கேட்டாங்களாப்பா?"

"அதையெல்லாம் அவங்கிட்டக் கேப்பாங்களா? பெரியவங்க பாத்துச் செய்வாங்க."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது.

"சரிப்பா. பஸ் வந்துருச்சு" என்று வைத்துவிட்டான். அவன் எப்போதும் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் ஃபோன் பண்ணுவான். அன்றைக்குப் பண்ணியபோதும் பின்னால் பஸ் சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது.

அடுத்த நாள் ஆறு மணிக்கு ஃபோன் வரவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. 'பிஸிப்பா' என்று மெசேஜ். பத்மாவிடம் பேசினான், என்னிடம் இல்லை. காருக்குள் ஏசி சத்தத்தைக் கேட்டுக்கொண்டு மூன்று பேரும் ஒன்றரை மணி நேரம் போனோம். ஆறு மணியானால் மூவரும் அந்த ஃபோனைப் பார்ப்போம். அவன் குரல் இல்லாமல் அந்த ரோடு எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏங்கிப் போய்விட்டேன்.

பத்தாவது நாள் சித்தீக் பாய் பொறுக்கமாட்டாமல் கேட்டார். "ஏன் சார் அந்தப் புள்ளை எதைச் சொன்னாலும் ஏட்டிக்குப் போட்டியாவே பேசுறீங்க?"

சூட்சுமத்தைச் சொன்னேன். இரண்டு நிமிடம், ஒரு மணி நேரக் கணக்கை. நாகலிங்கம் சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"ஊர்ல இருக்குற எம் மவ தினமும் ஃபோன்ல 'வாப்பா, எப்ப வருவீங்க'ன்னு கேக்குறா. நானும் 'வர்றேம்மா'ங்குறேன். ஒரே கேள்வி, ஒரே பதில். அதுலயே அரை மணி நேரம் ஓடுது" என்றார் பாய். "வரச் சொல்லணும்னா வரச் சொல்லுங்க சார். ஹாக்கிய என்னத்துக்கு நடுவுல போட்டுக்கிட்டு."

டிசம்பர் எட்டாம் தேதி நாலாம் நம்பர் புது டீமோடு பழைய ஊருக்கு ஆட வந்திருந்தான். அங்கே ராத்திரி நடந்த ஆட்டத்தின் பதிவை, மத்தியானம் கேன்டீனில் மூவரும் ஒரே ஃபோனில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். வேறு நிறச் சட்டை. நம் பையன்களையே சுவரோடு சேர்த்து ஒதுக்கினான். நடுவில் ஆட்டத்தை நிறுத்தி, பெரிய திரையில் அவனுடைய பழைய படங்களைக் காட்டினார்கள். கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. அவனுக்கு எந்தப் பக்கம் பார்ப்பதென்று தெரியவில்லை. குனிந்து, கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கத்தைப் பார்த்தால் முடியுமா, சோற்றில் கையை வைத்துக்கொண்டு ஐம்பத்தாறு வயதுக்காரன் அழுதேன்.

அன்று சாயந்தரம் ஆறு மணிக்கு நானே கூப்பிட்டேன். எடுத்தான்.

"ஆதி, மேட்ச் பாத்தேன்டா. நீ சொன்னதுதான் சரி. அவனைக் கொடுத்திருக்கவே கூடாது."

"அப்பா, உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"பின்ன ஏன் ஒத்துக்கறீங்க? பயமா இருக்குப்பா. பக்கத்துல அங்கிள் இருக்காரா?"

"இருக்கேன் தம்பி, ஆள் சௌக்கியமாத்தான் இருக்காரு" என்றார் பாய். நாகலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன்னையும் அனுப்பியிருக்கக் கூடாது, சாமி" என்றேன். "தெரியாமப் பண்ணிட்டேன். நீ இல்லாம வீடு வீடா இல்லை. பன்னெண்டாம் தேதிக்குள்ள ஒருக்கா வந்துட்டுப் போ கண்ணு. டிக்கெட் இன்னைக்கே போடறேன்."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பதினாறு வரைக்கும் எக்ஸாம்ப்பா. விட்டா ஒரு வருஷம் போயிடும்."

"மாத்தி வெக்க முடியாதா?"

"முடியாதுப்பா." அவனே தொடர்ந்தான். "அக்டோபர்ல ஒரு வாரம் லீவு இருந்துச்சு. டிக்கெட்கூடப் பாத்து வெச்சிருந்தேன். நீங்க வான்னு சொன்னீங்கன்னா உடனே புக் பண்ணிடலாம்னுதான் லீவுக்கு முந்தின வாரம் ஒருநாள் ஃபோன் பண்ணினேன்."

"நீயே சொல்லியிருக்கலாமே."

"போன்னு சொன்னது நீங்கதானேப்பா. வான்னும் நீங்கதான் சொல்லணும்னு இருந்தேன்."

"அன்னைக்கு என்ன பேசினோம்?" என்று கேட்டேன்.

"கோலியை மாத்தலாமா, வேணாமான்னு."

ஞாபகம் இருக்கிறது. நாங்கள் அதிக நேரம் பேசிய நாள் அதுதான். அஜ்மான் வந்து, காரை நிறுத்தி, லிஃப்டில் ஏறும் வரைக்கும் விடாமல் மல்லுக்கட்டினேன். கடைசியில் அவன் அலுத்துப்போய், "சரிப்பா, நீங்க சொல்றதே சரி" என்று வைத்துவிட்டான். உள்ளே நுழைந்ததும் நுழையாததுமாகப் பத்மாவிடம், இன்றைக்கு உன் பையனை ஜெயித்துவிட்டேன் என்று சொன்னேன்.