கீழ் வரிசை

பெரில் ஆல்சாப் என் தேநீர்க் கோப்பையை ஓரமாகத் தள்ளிவிட்டுப் புகைப்படத்தை மேசைமேல் வைத்தாள். கோட்டைக் கழற்றவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு அவள் குடும்பப் பெயர் மாறிவிட்டது. ஊருக்கு அவள் இன்னும் ஆல்சாப்தான்.

தார்ன்லோ நூலகத்தின் பின்னறையில் செவ்வாய்க்கிழமைகளில் எங்கள் வரலாற்றுச் சங்கம் கூடும். அன்று நானும் டெரிக்கும் மட்டும் இருந்தோம். ஜூலை மாத ஊற்று அலங்காரத்தைப் பற்றிய சிறுநூலின் அச்சுப்படி என் முன்னால் கிடந்தது. பலகையில் ஈரக் களிமண் பூசி, பூவிதழ்களால் வேதாகமப் படம் பதித்து, ஊற்றருகே நிறுத்தி ஆசீர்வதிப்பது எங்கள் ஊர் வழக்கம். ஊரார் படித்துத் திருத்தம் சொல்லட்டும் என்று டெரிக் நூலக வாசலில் சில பிரதிகள் வைத்திருந்தார். அதில் ஒன்று பெரிலின் கையில் இருந்தது.

"இருபத்திரெண்டாம் பக்கம்," என்றாள்.

நான் திருப்பிப் பார்க்கவில்லை. அந்த வரி எனக்கு மனப்பாடம். 1959, சந்தை ஊற்று, நல்ல மேய்ப்பன். களிமண் சரியாகப் பிசையப்படாததால் ஆசீர்வாதத்துக்கு முன்பே முகம் உதிர்ந்தது.

"எங்கப்பா பேரு போடலதான். ஆனா அந்த வருஷம் களிமண் மிதிச்சது யாருன்னு ஊருக்கே தெரியும்."

டெரிக் கண்ணாடியைத் துடைத்தார். நாட்டிங்ஹாமில் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். இங்கே குடிவந்து எட்டு வருடம் ஆகிறது.

"கமிட்டி குறிப்பேட்டுல அப்படித்தாங்க இருக்கு. ஆதாரம் இல்லாம மாத்த முடியாது. வேணும்னா அந்த வரிய எடுத்துடலாம்."

"எடுக்க வேணாம். ஏன் விழுந்துச்சுன்னு சரியா எழுதுங்க. இது அன்னிக்குக் கூட்டம் கலைஞ்சப்புறம் அப்பா எடுத்த படம். என்னத்துக்கு எடுத்தாருன்னு தெரியல. சாகுற வரைக்கும் அலமாரில வெச்சிருந்தாரு."

டெரிக் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்கு ஒண்ணும் புரியல. மார்ஜரி, உங்களுக்கு?"

கறுப்பு வெள்ளைப் படம். மேய்ப்பனின் அங்கி, ஆட்டுக்குட்டி, வேலி எல்லாம் அப்படியே இருந்தன. முகம் இருந்த இடத்தில் வெறும் களிமண், முழுசாக, வழவழப்பாக. வரைபடத்தை வைத்துக் குத்திய ஊசித் துளைகள்கூடத் தெரிந்தன. களிமண் சரிந்திருந்தால் அதைப் பிடித்து வைக்கப் பலகையில் அடித்த ஆணிகள் வெளியே வந்திருக்கும். ஓர் ஆணிகூட வெளியே இல்லை. இடது கன்னத்தில் மட்டும் கொஞ்சம் இதழ்கள் ஒட்டியிருந்தன. அவை எந்த முறையில் அடுக்கப்பட்டவை என்பது, ஒருமுறையாவது பூ வைத்தவர்களுக்குத் தெரிந்துவிடும். டெரிக் வைத்ததில்லை. பெரிலும் வைத்ததில்லை.

"வெளிச்சம் பத்தல," என்றேன்.

எங்கள் ஊரில் பிள்ளைகள் முதலில் கற்றுக்கொள்வது இதைத்தான். ஈரக் களிமண்ணில் இதழ்களைக் கீழ் வரிசையிலிருந்து பதித்துக்கொண்டு போக வேண்டும். ஓட்டுக்கூரை போல மேல் இதழ் கீழ் இதழின்மேல் படிய வேண்டும். அப்போது மழை வழிந்து போய்விடும். மேலிருந்து தொடங்கினால் ஒவ்வோர் இதழின் பின்னாலும் நீர் இறங்கும்.

1959இல் எனக்குப் பதினொரு வயது. இருபது வருடமாக முகங்களைப் பதித்தவர் திருமதி ஹேவுட். ஆசீர்வாதத்துக்கு முந்தின நாள் மதியம் அவருடைய தங்கை கறிக்கடை வாசலில் விழுந்துவிட்டாள் என்று ஆள் வந்தது. அவர் தொப்பியை எடுத்துக்கொண்டே சொன்னார். "முகத்த நீ ஆரம்பி, கண்ணு. தாடைலேருந்து."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த மேசையில் பாசி ஆய்ந்துகொண்டிருந்த பெரிலும் பார்த்தாள்.

அவர் திரும்பி வந்ததும் முகத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொள்வார் என்று எனக்குத் தெரியும். தாடையை யார் வேண்டுமானாலும் பதிக்கலாம். நெற்றியும் கண்களும் என் கையால் இருக்க வேண்டும். நெற்றியில் தொடங்கினேன். யாரும் கேட்கவில்லை. ஆறு மணிக்கு அவர் வந்தபோது முகம் முடிந்திருந்தது. ஒரு நொடி குனிந்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். அவர் கவனித்தாரா இல்லையா என்று அறுபத்தைந்து வருடமாக யோசிக்கிறேன்.

விடியற்காலையில் மழை பெய்தது. பத்து மணிக்குப் பாதிரியாரும் பித்தளை வாத்தியக்காரர்களும் வந்தபோது மேய்ப்பனுக்கு முகம் இல்லை. ஹைட்ரேஞ்சா இதழ்கள் ஊற்றின் கல்தொட்டியில் மிதந்தன.

"உப்பு கம்மி," என்று யாரோ சொன்னார்கள். களிமண் காயாமல் இருக்க உப்புப் போட்டு மிதிப்பார்கள். ஏழு வருடமாக மிதித்தவர் வில்ஃப் ஆல்சாப். சுண்ணாம்புக் குவாரியில் வேலை. தகரத் தொட்டியில் வெறுங்காலோடு நின்று பாடிக்கொண்டே மிதிப்பார்.

"உப்பு சரியாத்தான் இருந்துச்சு," என்றார் அவர். ஒருமுறைதான் சொன்னார்.

அடுத்த வருடம் அவரை யாரும் கூப்பிடவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு ஜூலையிலும் அந்த ஒரு வாரம் அவர் சந்தையைத் தவிர்த்து, பின்பாதை வழியாக ஒரு மைல் சுற்றிக் குவாரிக்குப் போனார். பள்ளியில் பெரிலைப் பார்த்து, "உப்பில்லாத ஆல்சாப்!" என்று கத்துவார்கள். முதலில் கத்தியவன் ரே பெல்ஃபீல்ட். இரண்டாவது நான்.

பெரில் படத்தைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். "நீ அன்னிக்கு அழுத. ஞாபகம் இருக்கா? அப்பா வீட்டுக்கு வந்து அதத்தான் சொன்னாரு. பாவம், அந்தப் பொண்ணு போட்ட மொகம் போச்சேன்னு."

டெரிக் தொண்டையைச் செருமினார். "திங்கட்கிழமை அச்சகத்துக்குக் குடுத்தாகணும். அதுக்குள்ள வேற யாருக்காவது ஞாபகம் இருந்தா எழுதி வாங்கிட்டு வாங்க."

"யாரு இருக்கா? எல்லாரும் மேல போயிட்டாங்க. நானும் இவளுந்தான் மிச்சம்."

அவள் கதவருகே போய்விட்டாள்.

"சனிக்கிழமை பூ வெக்கிறோம்," என்றேன். "வாயேன்."

"நானா? முட்டி மடங்காதுடி எனக்கு."

"மேசைமேலதான். நான் காட்டுறேன்."

சனிக்கிழமை அவள் வந்தாள். கோட்டைக் கழற்றாமல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கூடம் முழுக்க ஈர மண் வாசனை. இந்த வருடப் படம் நோவாவின் படகு; மரப்பலகை நிறத்துக்கு டீத்தூள்.

"டெரிக், அது படகுக்கு வெச்சிருக்கிற டீத்தூள்! ஒரு கோப்பை குடிச்சிட்டீங்களா?" என்றேன்.

"அதான் களிமண் வாசனை அடிச்சுதா?"

"நோவா இந்த வருஷம் அரைப் படகுல போக வேண்டியதுதான்."

பெரிலும் சிரித்தாள். நான் நீல இதழ்த் தட்டை அவள் பக்கம் நகர்த்தினேன். கடல் பகுதி அவளுக்கு.

"இங்கேருந்து," என்று கீழ் விளிம்பைக் காட்டினேன்.

"மேலேருந்து வந்தா கை படாம இருக்குமே?"

"மழை."

அவள் முதல் வரிசையைப் பதித்தாள். மெதுவாக, சுத்தமாக. இரண்டாவது வரிசை. ஒவ்வோர் இதழையும் கட்டைவிரலால் அழுத்தினாள். மூன்றாவது வரிசையின் நடுவில் விரல் நின்றது. பதித்ததன்மேல் மேலிருந்து கீழாக ஒருமுறை தடவினாள். பிறகு கீழிருந்து மேலாக.

"மாத்தி வெச்சா?"

"தண்ணி உள்ள இறங்கும்."

"களிமண் நல்லா இருந்தாலுமா?"

"நல்லா இருந்தாலும்."

அவள் கைகளைக் கோட்டில் துடைத்தாள். கைப்பையைத் திறந்தாள். படத்தை எடுத்துப் பலகையின் ஓரத்தில் சாய்த்து வைத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். அவள் விரல் இடது கன்னத்தின் இதழ்களில் மேலிருந்து கீழாக நகர்ந்தது.

அடுத்த வரிசைக்கு நான் இதழ்களை அள்ளியிருந்தேன். உள்ளங்கை வியர்த்திருந்தது. கையைக் கவிழ்த்தேன். ஓர் இதழும் விழவில்லை.