காலியாக இருந்த சாதனை

இருக்கும் சாதனையை முறியடிப்பது கடினம். இல்லாத சாதனையை நிறுவுவது சுலபம். எங்கள் சிறிய நாட்டின் சைக்கிள் சங்கம் 2006இல் வெளியிட்ட ஓடுதளச் சாதனைப் பட்டியலில், ஆண்களின் ஆயிரம் மீற்றருக்கும் பெண்களின் ஐந்நூறு மீற்றருக்கும் எதிரே வெறும் கோடுதான் இருந்தது. ஆகவே, நடுவர் முன்னால் யார் எவ்வளவு மெதுவாகச் சைக்கிள் ஓடி முடித்தாலும் அது தேசிய சாதனை.

பிராங்பேர்ட்டில் ஹோட்டல் சமையலறையில் வேலை செய்யும் செல்வரட்ணம் அண்ணை, ஐம்பத்தொரு வயதில், இதைக் கண்டுபிடித்தார். அந்த வாரமே தமிழ்க் கத்தோலிக்கப் பங்கு விழா நோட்டீசில் ‘தேசிய சாதனையாளருக்குப் பொன்னாடை’ என்று தன் படத்தோடு அச்சடித்தும்விட்டார். ஓடுவதுதான் மிச்சம்.

ஓடுதளச் சைக்கிளுக்குப் பிறேக் கிடையாது. பின்சக்கரம் சுற்றும்வரை மிதியும் சுற்றும். காலை நிறுத்தினால் சைக்கிள் ஆளைத் தூக்கி எறிந்துவிடும். இதை அண்ணை நாலு ஞாயிற்றுக்கிழமை பரிசோதித்தார். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டிருக்கும் நேரத்தில், கூட வந்த மனைவி பிளோறன்ஸ் வாடகைச் சைக்கிள் வீணாகாமல் சில சுற்று ஓடுவாள்.

சாதனை நாளில் ஜேர்மன் நடுவர் லூக்காஸ் கடவுச்சீட்டைக் கேட்டார். அண்ணை தன் சிவப்பு ஜேர்மன் கடவுச்சீட்டைப் பெருமையாக நீட்டினார்.

“அப்படியானால் ஜேர்மன் சாதனையா?” லூக்காஸ் மரியாதையாகவே கேட்டார். “அதற்கு ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டும்.”

ஊர்க் கடவுச்சீட்டு அங்கே பிளோறன்ஸிடம் மட்டும்தான் இருந்தது. பிரஜாவுரிமைக்காகக் கந்தோரில் சந்திக்க ஒரு தேர்மின் எடுக்கத் தெரியாதவள் என்று மூன்று வருடமாக அவளைத் திட்டியவர் அண்ணைதான்.

“இஞ்சாருங்கோ, நான் ஓடட்டோ?”

“உமக்கு ஏலாது.”

“நீங்கள் விழேக்குள்ள நான்தானே ஓடினனான். இந்தப் பிளாஸ்கைப் பிடியுங்கோ.”

சங்கத்துக்குத் தொலைநகல் போனது. அரை மணியில் அவள் பெயருக்குப் போட்டி உரிமம் வந்தது. வேறு யாரும் கேட்டிருந்தால்தானே தாமதமாகும். பெண்களின் ஐந்நூறு மீற்றரைப் பிளோறன்ஸ் ஐம்பத்தெட்டு விநாடியில் முடித்தாள்.

புதிய பட்டியலில் குடும்பப் பெயர் மட்டுமே அச்சாகியிருந்தது: செல்வரட்ணம். விழாவில் அண்ணை அந்தப் பக்கத்தின் படிகளைத் தானே விநியோகித்தார். படியெடுக்கும்போது ‘பெண்கள்’ என்ற தலைப்பின் மேல் வெள்ளைக் கடதாசித் துண்டொன்றை வைத்திருந்தார்.

விழாவுக்கு வந்திருந்த லூர்தம்மா அக்கா கண்ணாடியைப் போட்டு வாசித்தார்.

“என்ன தம்பி, ஆயிரம் மீற்றர் ஓடப்போறன் எண்டு சொன்னனீர். இதில ஐந்நூறு எண்டெல்லோ கிடக்கு?”

பொன்னாடைக்குள் அண்ணைக்கு வியர்த்தது. பிளோறன்ஸ்தான் பதில் சொன்னாள்.

“ஓம் அக்கா. மிச்ச ஐந்நூறுக்கும் இவர் பிளாஸ்க் பிடிச்சவர்.”