கையுறைப் பெட்டி

பீங்கான் ஓட்டால் சுரண்டியும் அது வரவில்லை. கிணற்றடியில் படங்கு கட்டி மறைத்த இடத்திலிருந்து கேட்ட கரகர ஓசையை வைத்தே சுபைறா அதைத் தெரிந்துகொண்டாள். காய்ந்த றெசின் பசையில் ஓடு உரசும் ஓசை வேறு, தோலில் உரசும் ஓசை வேறு. முதலாவது நின்று இரண்டாவது கேட்டதும், யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்களை விட்டு எழுந்து அடுப்படிக் கதவோரம் வந்து நின்றாள்.

மறைப்பை விலக்கிக்கொண்டு இப்றாஹிம் லெவ்வை வெளியே வந்தார். ஊரில் இறந்துபோகும் ஆண்களின் மையித்தைக் குளிப்பாட்டுகிறவர் அவர்தான். முழங்கை வரை நனைந்திருந்தது.

"ஜவுபர், இது என்ன சாமான் உன்ட மச்சான்ட கையில?"

ஜவுபர் சுபைறாவின் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர். கடற்கரையில் வள்ளம் கட்டும் வாடிக் கொட்டகை அவருடையது. சுபைறாவின் புருஷன் ஆதம்பாவா அங்கேதான் வேலை செய்தான். காலையில் அங்கேதான் மௌத்தானான். வந்தவர்களுக்கெல்லாம் நெஞ்சு வலி என்று ஜவுபரே சொல்லிக்கொண்டிருந்தார்.

"பசை, லெவ்வை. வள்ளத்துக்குப் பூசுற பசை."

"பசை எண்டா ஊறுமே. இது சிப்பி ஓடு மாதிரி இரிக்கி. வலது கையில ரெண்டு விரலு ஒண்டோட ஒண்டு ஒட்டிக் கிடக்கு. நகத்தில சாயம் இரிந்தாலே கழட்டித்தான் குளிப்பாட்டுற. தண்ணி தோலில படணும்."

"ஏலாட்டி தயம்மும் செஞ்சு விடுங்களன். மண்ணத் தொட்டுத் தடவினாச் செரிதானே?"

"கிணத்தில தண்ணி இரிக்கி, குளிப்பாட்ட ஆளும் இரிக்கி. கழட்டிப் பாக்காம மண்ணத் தடவினா நாளைக்கு அல்லாகிட்ட நான்தான் பதில் செல்லணும், நீ இல்ல."

ஜவுபர் வானத்தைப் பார்த்தார். மாரி மழை காலையிலிருந்து விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. "அசர் தொழுகையோட அடக்கணும். மழ புடிச்சா மையவாடிக் குழிக்குள்ள தண்ணி ஊறிரும்," என்றார். பிறகு, "வாடியில தின்னர் இரிக்கி. எடுப்பிக்கன்," என்றார்.

எத்தனை போத்தல் வேண்டுமென்றாலும் இப்போது வரும் என்று சுபைறாவுக்குத் தெரியும். ஆதம்பாவாவுக்கு மாதத்துக்கு ஒரு சிகரட் டின் தின்னர்தான் கிடைத்தது. அது முடிந்த பிறகு பொழுதுபடும் நேரத்தில் அவன் இந்தக் கிணற்றடியில் வந்து குந்துவான். சூடாக்கிய தேங்காயெண்ணெயை ஊற்றித் தவிட்டைப் போட்டு அவள் அவன் கைகளைத் தேய்த்து விடுவாள். விரல் நுனிகளில் ரேகை அழிந்துபோயிருந்தது. சோற்றின் சூடு தெரியாமல் வாயில் வைத்துச் சுட்டுக்கொள்வான். கையால் தின்றால் சோறெல்லாம் றெசின் மணக்கிறதென்று சின்னப் பிள்ளையைப் போலக் கரண்டியால் தின்றான்.

எழுபத்தெட்டுச் சூறாவளியில் கரையிலிருந்த வள்ளங்கள் விறகாகிப்போன பிறகுதான் பைபர் வள்ளம் வந்தது. வெளிநாட்டு உதவியில் பழக்க வந்த அதிகாரிகள் ஒரு வாரம் நின்று எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள். வாடி இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். றெசினிலிருந்து எழும் ஆவி காற்றை விடக் கனம். வள்ளத்தின் அடியில்தான் தேங்கி நிற்கும். உள்ளே குனிந்து தனியாக வேலை செய்யக்கூடாது. கைக்கும் மூக்குக்கும் உறை போட வேண்டும். போகும்போது கையுறைகளும் மூக்குறைகளும் அடங்கிய ஒரு காட்போட் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

பெட்டி ஜவுபரின் அலுமாரிக்குள் போயிற்று. அதிகாரிகள் பார்வையிட வரும் நாட்களில் மட்டும் வெளியே வரும். எல்லோரும் போட்டுக்கொண்டு நிற்பார்கள், போட்டோ எடுப்பார்கள். ஜீப் திரும்பியதும் கழற்றி, பவுடர் போட்டு, மடித்து மறுபடி பெட்டிக்குள் வைப்பார்கள். வீட்டில் ஆதம்பாவாவின் போட்டோ என்று ஒன்றுதான் இருந்தது. அதில் கண் மட்டும்தான் தெரியும்.

"உறைய நீ கேட்டுப் பாரு புள்ள," என்று ஒருநாள் அவன் சொன்னான். "நான் எந்த வாயால கேக்கிற? காக்கா கட்டித்தந்த வூட்டில படுத்துக்கிட்டு?"

அந்த ஊரில் பெண்ணுக்குச் சீதன வீடு கட்டிக் கொடுப்பது வாப்பாவின் கடமை. வாப்பா இல்லாத வீட்டில் காக்கா கட்டினார். சுபைறா போய்க் கேட்டாள். ஜவுபர் சிரித்தார்.

"கைக்கு உறையா? உன்ட மாப்பிள்ள என்ன கலியாணப் பொண்ணா, மருதோண்டி அழிஞ்சிரும் எண்டு பாக்க?"

அவளும் சிரித்துவிட்டுத்தான் வந்தாள்.

இன்று காலையில் சாரலோடு மணலும் பறந்து ஈர றெசினில் ஒட்டியது. இரண்டு பக்கப் படங்கையும் இறக்கிக் கட்டச் சொல்லிவிட்டு ஜவுபர் கடைக்குப் போனார். ஆதம்பாவா வள்ளத்தின் மீன்பெட்டிக்குள் குனிந்து பூசிக்கொண்டிருந்தான். கூட வேலை செய்த பாண்டிருப்புக் குணம் தேத்தண்ணி வாங்கப் போய்த் திரும்பியபோது அவன் முகங்குப்புறக் கிடந்தான். வாளி சரிந்து கைகள் றெசினுக்குள் இருந்தன. கூப்பிட்டு ஆள் சேர்த்துத் தூக்குவதற்குள் அது சூடேறி இறுகிவிட்டது.

குணம்தான் இதை வேலிக்கு அப்பால் நின்று சொன்னான். "கொதிச்சிருக்கு தங்கச்சி, கை வைக்க ஏலாமக் கொதிச்சிருக்கு. மனிசன் அசையவேயில்ல." அதற்குப் பிறகு ஜவுபர் அவனைத் தோளில் கை போட்டுக் கூட்டிப்போனார். குணம் இப்போது தெருவோரம் நின்றான். இந்தப் பக்கம் பார்க்கவில்லை.

தின்னர் கலனோடு வந்தது. மறைப்புக்குள்ளிருந்து நெடி கிளம்பியது. கொஞ்ச நேரத்தில் லெவ்வைக்கு உதவிக்கு நின்றவன், "யா அல்லாஹ், என்ட கை எரியிது!" என்று வாளித் தண்ணீருக்குள் கையை விட்டான். "ஒட்டினது அப்பிடியே இரிக்கி. சுத்தியுள்ள தோலுதான் வெளுக்குது. நான் மாட்டன் லெவ்வை."

ஜவுபர் யாரிடமோ சாவியைக் கொடுத்தார். சற்று நேரத்தில் சைக்கிள் கரியரில் அந்தக் காட்போட் பெட்டி வந்து இறங்கியது. ஜவுபர் திறந்தார். மஞ்சள் நிறக் கையுறைகள், பவுடர் வாசம்.

"இந்தா, இதப் போட்டுக்கிட்டுச் செய்யுங்க. கை பழுதாகாது."

சுபைறா அடுப்பை மூட்டினாள். தேங்காயெண்ணெயைச் சூடாக்கி, சுளகில் தவிட்டை அள்ளிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். ஜவுபர் குறுக்கே வந்தார்.

"எங்க போறாய்? சனம் நிக்கிது."

"காய்ஞ்சதுக்குத் தின்னர் கேக்காது காக்கா. நான் கழட்டுறன்."

"உள்ள போ புள்ள."

"நெஞ்சு வலி எண்டு ஏன் செல்லுறீங்க?"

ஜவுபர் குரலைத் தாழ்த்தினார். "வேறென்ன செல்லச் சொல்லுறாய்? பொலிஸ் காதில விழுந்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போய், நெஞ்சால வயித்தால வெட்டித் தைச்சுத்தான் தருவாங்க. உனக்கு அது வேணுமா? செல்லு, இப்பவே போய்க் கூட்டிட்டு வாறன்."

மறைப்புக்குள்ளிருந்து லெவ்வை சொன்னார்: "வரட்டும், விடு. புருஷனக் குளிப்பாட்டப் பொஞ்சாதிக்கு ஹக்கு, உரிம இரிக்கி. கையில சீலயச் சுத்திக்க புள்ள, தோல் தொடாம."

ஜவுபர் ஒரு சோடிக் கையுறையை நீட்டினார். அவள் அதைச் சுளகின் ஓரத்தால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள்.

வெறுங்கையால்தான் செய்தாள். எண்ணெயை விளிம்பில் விட்டு ஊற வைத்து, தவிடு தூவி, பெருவிரலால் நெம்பினாள். இடது கையில் இருந்தது திட்டுத் திட்டாக வந்தது. வலது உள்ளங்கையில் இருந்தது ஒரே ஓடாகக் கழன்றது. அதன் உட்புறத்தில் கைரேகை முழுவதும் பதிந்திருந்தது. கீழே சுருங்கி வெந்த தோல். லெவ்வை தண்ணீர் ஊற்றினார். அது அந்தத் தோலில் பட்டு ஓடுவதை இருவரும் பார்த்தார்கள்.

மிஞ்சியது வலது கையின் சுட்டுவிரலும் நடுவிரலும். தொழுகையின் இருப்பில் கலிமாவுக்கு நீட்டுவது அந்தச் சுட்டுவிரலைத்தான். இடுக்கில் எண்ணெய் இறங்கவில்லை. அவள் திரும்பத் திரும்ப ஊற்றினாள். நகத்தைக் கொடுத்துப் பார்த்தாள். அவளுடைய நகம்தான் உடைந்தது.

பள்ளியில் அசருக்குப் பாங்கு கேட்டது.

"முடிஞ்சிதா?" என்றார் ஜவுபர் வெளியிலிருந்து. "குழியில தண்ணி ஊறுதாம்."

"கொஞ்சம் பொறுங்க காக்கா. இன்னும் கொஞ்சம்தான்."

"ரெண்டு விரலுக்கு ஊரையே நிப்பாட்டி வைக்க ஏலுமா? கத்தியக் கொண்டு நடுவால கீறி விடுங்க லெவ்வை."

"மையித்தில கத்தி வைக்கிறல்ல," என்றார் லெவ்வை. பிறகு சுபைறாவின் கையிலிருந்து அந்தக் கையை மெல்ல எடுத்தார். "போதும் மகள். நீ பாத்திட்டாய். இனி எண்ணெயக் கழுவி மத்த இடத்துக்குத் தண்ணி ஊத்திறன். இந்த ரெண்டுக்கும் மண்ணுதான்."

குளிப்பு முடிந்தபின் அவர் ஈரமில்லாத மண்ணைத் தேடி வீட்டுத் தாழ்வாரத்துக்குப் போனார். உதவிக்கு நின்றவன் கையுறைகளோடு கபன் துணியைப் பிடித்தான். மஞ்சள் விரல்கள் வெள்ளைத் துணியில் வேகமாக முடிச்சுப் போட்டன.

மறுநாள் காலையில் ஜவுபர் வந்தார். சுபைறா அந்நிய ஆண்கள் முன் வராத விதவைக் காலமான இத்தாவில் இருந்தாள். கூடப்பிறந்தவர் என்பதால் முன்னுக்கு வந்தாள். கழுவிப் போட்ட கையுறைகள் கொடியில் தொங்கின. கடற்காற்று உள்ளே புகுந்து விரல்களை ஊதி நிமிர்த்திவிட்டிருந்தது.

"காய்ஞ்சிற்றா? திங்கக்கிழம ஆபீசர்மார் வாறாங்க."

அவள் ஒவ்வொன்றாக எடுத்தாள். உட்புறத்தை வெளியே புரட்டித் துடைத்தாள். வீட்டிலிருந்த பவுடர் டின்னை எடுத்து வந்து தூவி, மடித்துப் பெட்டிக்குள் அடுக்கினாள்.

"போட்டோ எடுப்பாங்களா காக்கா?"

"ஓம், எடுப்பாங்க. எடுக்காமப் போவாங்களா?"

"அவர்ர இடத்தில ஆரு நிப்பா?"

"குணம் நிப்பான்."

பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் படலையைச் சாத்திவிட்டுப் போனார். கிணற்றடியில் நேற்றுக் கொட்டிய தவிட்டைக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. தவிட்டைக் கொத்தித் தின்றன. இடையிடையே கண்ணாடிச் செதில்போல ஏதோ அலகில் அகப்பட்டது. அதை உதறிப் போட்டுவிட்டு மறுபடி தவிட்டைக் கொத்தின.