ஜன்னல் பக்கத்துக் கன்னம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவளுக்குப் பயமே இருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் அவள் தன் பயத்தை வெளியே காட்டியதில்லை. ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் செருப்பை லேசாக வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன்ல" என்று சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைத் தேற்றியிருக்கிறாள்.

இப்போது அவள் முகத்திலேயே பயப்பட ஒன்று வந்திருந்தது. ஜன்னல் பக்கத்துக் கன்னத்தில் மிளகு அளவில் ஒரு பழுப்புப் புள்ளி.

கண்டுபிடித்தது மகள். அம்மாவின் முகத்தில் பாதியை உள்ளங்கையால் மறைத்தாள். பிறகு மறுபாதியை.

"இந்தப் பக்கம் அம்மா. இந்தப் பக்கம் பெரியம்மா!"

"வாயை மூடுடி" என்று அவளும் சிரித்தாள். சிரிப்பு அடங்கியதும் குளியலறையில் தாழ் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தாள். வாஸ்தவம்தான். ஜன்னல் பக்கம் கறுத்து, கண்ணோரம் சுருங்கி, தனியாக வயதாகியிருந்தது. அந்தப் புள்ளி மட்டும் அம்மாவுடையதும் இல்லை, பெரியம்மாவுடையதும் இல்லை. டாக்டரிடம் காட்டினால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள். பெயர் வைக்காதவரை அது வெறும் புள்ளி.

அன்றே சன்ஸ்கிரீன் வாங்கினாள். வெயில் படும் கன்னத்துக்கு மட்டும் தினமும் காலையில் தாராளமாகப் பூசினாள். மறுகன்னத்துக்கு எதற்கு?

அந்த மாதம் வந்து சேர்ந்த மாணவி ஒரு தோல் டாக்டர். ஐம்பது வயது. எந்தப் புண்ணையும் அசராமல் பார்க்கிறவர், எதிரே சைக்கிள் வந்தால் கண்ணை மூடிக்கொள்வார். நல்லவேளை, அவர் ஓட்டும்போது புள்ளி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. டாக்டருக்குத் தெரிந்ததெல்லாம் அம்மா பக்கம்தான்.

ரவுண்டானா வந்த அன்றைக்குக் கதை மாறியது.

"என்னால முடியாது டீச்சர். நீங்களே ஓட்டுங்க." டாக்டர் காரை ஓரமாக நிறுத்தி இறங்கியே விட்டார்.

இடம் மாறி உட்கார்ந்தார்கள். டாக்டர் திரும்பிப் பார்த்தார்.

"இதென்ன, ஒரு பக்கம் மட்டும் வெள்ளையடிச்சிருக்கீங்க?"

"வெயில் படுறது அந்தப் பக்கம்தானே டாக்டரம்மா."

"இப்ப எந்தப் பக்கம் படுது?"

ஒன்றும் பூசாத கன்னம் சுள்ளென்று காய்ந்துகொண்டிருந்தது. தினமும் வகுப்பு முடிந்து வீட்டுக்கு ஓட்டிப்போவதும் இந்த இருக்கையில்தான். இதுவரை அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"கண்ணாடியை ஏத்திவிட்டா போதாதா?"

"போதாது. தோலைக் கெடுக்கிற வெயில் கண்ணாடி வழியாவும் வரும். ரெண்டு கன்னம், காது, கழுத்து, புறங்கை எல்லாத்துக்கும் பூசணும். காலையில பூசினது நாள் முழுக்க நிக்காது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி. முழுக்கைச் சட்டை போடுங்க. உச்சிவெயில் வகுப்பை முடிஞ்சா தள்ளி வைங்க." டாக்டரின் குரல் தணிந்தது. "அந்தப் புள்ளியைக் காட்டுங்க."

"அது ஒண்ணும் இல்ல."

"நானும் ரவுண்டானாவைப் பார்த்துப் பயந்துதான் இறங்கினேன். நீங்க காட்டுங்க, நான் சுத்தறேன். சரியா?"

கைப்பையிலிருந்து ஒரு சின்ன லென்ஸ் வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஒண்ணும் ஆகாது. நான் இருக்கேன்ல" என்றார் டாக்டர்.

தன் சொந்த வசனத்தை இத்தனை வருஷத்தில் முதல்முறையாக இந்தப் பக்கமிருந்து கேட்டாள். சொல்வதைவிடக் கேட்பது கஷ்டம்.

"பார்த்தவரைக்கும் வெயில் வெச்ச புள்ளிதான். ஓரம் ஒழுங்கா, ஒரே நிறமா இருக்கு. எதுக்கும் கிளினிக்குக்கு வாங்க, கருவியில ஒரு தடவை பார்த்துடலாம். வளர்ந்தாலோ நிறம் மாறினாலோ, ஜன்னல் பக்கம் ஒளிச்சு வைக்காதீங்க."

"நான் ஒளிச்சது உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துதா?"

"டீச்சர், நீங்க ஒரு நாள்கூட நேரா திரும்பிப் பேசினதில்லையே!"

பழையபடி இடம் மாறினார்கள். அவள் மறுகன்னத்துக்கும் பூசிக்கொண்டாள். டாக்டர் மூச்சை இழுத்துவிட்டு கியர் போட்டார். கார் நகரவில்லை. இன்னொரு தடவை முயன்றார். உறுமிவிட்டு அணைந்தது.

"டீச்சர்."

"ம்?"

"காலை எடுங்க."

அவள் குனிந்து பார்த்தாள். தன் பிரேக்கைக் கட்டைவிரல் வலிக்க அழுத்திக்கொண்டிருந்தாள். மெதுவாக எடுத்தாள்.

கார் ரவுண்டானாவுக்குள் நுழைந்தது. வெளியே வரத்தான் டாக்டருக்குத் தைரியம் வரவில்லை. திரும்பத் திரும்பச் சுற்றினார்கள். வெயில் ஒரு கன்னத்தில் ஏறி மறுகன்னத்தில் இறங்கியது. அவள் அவசரப்படுத்தவில்லை.