லியார்க்கோவின் இரண்டு விரல்

இத்தாலியில் எங்கள் ஊர் மோடெனாவுக்கு ஸ்போர்ட்ஸ் காரோடு வருகிறவர்கள் இரண்டு வகை. வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள், சிவப்பு அடிக்கச் சொல்கிறவர்கள். மிலானிலிருந்து வந்த அந்த வக்கீல் இரண்டாவது வகை. சாம்பல் நிறத்தில் பிறந்து, அதே நிறத்தில் அழகாக வயதான வண்டியை வாங்கி, "சிவப்பாக்கிடுங்க" என்றார். எங்கள் பட்டறை முதலாளி ஒரெஸ்தே தலையாட்டினார். மிலான்காரர்களிடம் ரசனையைப் பற்றிப் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

வண்டிக்குக் கதவு, பானட், பக்கத் தகடுகள் எல்லாம் மாட்டுவது நான், அர்மிதா. பெயின்ட் அடிப்பது லியார்க்கோ. தன்னை ஓவியர் என்று நினைத்துக்கொண்டிருப்பவர். நினைப்பதோடு விட்டால் பரவாயில்லை, சொல்லிக்கொண்டும் திரிவார்.

இந்தப் பழைய வண்டிகளின் தகடுகள் கையால் தட்டியவை. இடது கதவுக்கும் வலது கதவுக்கும் சொந்தமே கிடையாது. அதனால் வெறும் தகடாக இருக்கும்போதே எல்லாவற்றையும் ஒரு முறை மாட்டி, இடைவெளி பார்த்து, கழற்றிப் பெயின்டுக்கு அனுப்புவோம். நான் இடைவெளி பார்ப்பது காபிக் கடையில் ஆடித் தேய்ந்த சீட்டால். வெறும் தகட்டில் இரண்டு சீட்டு சேர்ந்து வழுக்கிப் போக வேண்டும். பெயின்ட் ஏறிய பிறகு ஒன்று. நான் வைத்திருக்கும் சீட்டு கோப்பை இரண்டு, அதாவது இரண்டு கோப்பைப் படம் போட்டது. எங்கள் ஊர் ஆட்டத்தில் அதைவிட மதிப்பில்லாத சீட்டு கிடையாது. லியார்க்கோ என்னைக் கூப்பிடுவதும் அந்தப் பெயரால்தான்.

பெயின்ட் அடித்த தகட்டின் பக்கம் போகும்போது மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது பட்டறைச் சட்டம். நான் உடுப்பை நாடாவால்தான் முடிச்சுப் போடுவேன். லியார்க்கோவின் தங்க வாட்ச் மட்டும் சட்டத்துக்கு மேலே. போன மாதம் அந்த வாட்ச்தான் ஒரு பானட்டில் கோடு இழுத்தது. "அர்மிதா கை பட்டுடுச்சு" என்றார், கண்ணைக் கூடச் சிமிட்டாமல். ஒரெஸ்தே அவரை நம்பினார்.

"இன்னொரு கீறல் விழட்டும், உன் டூல்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடு."

கீறல் போட்டவள் என்ற பெயரோடு வெளியே போனால் இந்த ஊரில் வேறு எந்தப் பட்டறையும் என்னை வாசலைத் தாண்ட விடாது.

லியார்க்கோவின் இன்னொரு லட்சணத்தையும் சொல்லிவிடுகிறேன். வண்டி முடிந்ததும், சொந்தக்காரர் பார்க்க, கதவை முதல் தடவை சாத்துவது ஒரு மரியாதை. நியாயமாக மாட்டியவருடையது. ஆனால் அந்த நேரத்துக்குச் சரியாக லியார்க்கோ வந்து நிற்பார். கீறல் விழாமல் ஓரத்தில் நான் ஒட்டிய டேப்பை உரிப்பார், இரண்டு விரலால் தள்ளுவார். கிளிக். சர்க்கஸ்காரன் போல ஒரு குனிவு. சொந்தக்காரர் கொண்டுவந்த ஒயின் பாட்டில் அவர் கைக்குப் போய்விடும்.

அன்று வக்கீலின் வண்டிக்குக் கடைசியாக இடது கதவு. கம்பளியில் சுற்றிக் கொண்டுவந்து பிரித்தபோது புது பெயின்ட் வாசனை மூக்கில் ஏறியது. போன வாரமே காய்ந்திருக்க வேண்டிய கதவு.

"மாஸ்டர், இதை மறுபடி அடிச்சீங்களா?"

"உன் மூக்கை அடுப்பங்கரையில வச்சுக்க, கோப்பை ரெண்டு. இது கலை."

கலையை நான் தோளில் தாங்கினேன். உதவியாளர் ஒருவர் மறுமுனையைப் பிடிக்க, கீல்களில் உட்கார வைத்து, கையாலேயே போல்ட் முடுக்கினேன். கதவு ஓரத்திலும் பின்தகட்டு ஓரத்திலும் அகல டேப். கதவு பாதி திறந்து நின்றது. இனிச் சீட்டை எடுத்து மெல்ல மெல்லச் சாத்திப் பார்க்க வேண்டும். அதற்குள் மிலான்காரர் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு முன்பாக, கையில் பாட்டிலோடு.

"ஆச்சா? சாத்துங்க பார்ப்போம்! அந்தச் சத்தத்துக்குத்தானே வந்தேன்" என்றார். கார் வாங்கியதே கதவு சாத்தத்தான் என்பது போல.

ஒரெஸ்தே லியார்க்கோவைத் திரும்பிப் பார்த்தார். லியார்க்கோ அசையவில்லை.

"அர்மிதாவே சாத்தட்டும். பாவம், அவ மாட்டுனது" என்றார்.

பாவமா? பன்னிரண்டு வண்டிகளில் என் முதுகைத் தள்ளிவிட்டு முன்னால் வந்த மனுஷன்! அந்த ஒரு வார்த்தையில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கதவோரத்தில் பெயின்ட் வடிந்திருக்கிறது. மறைக்க மேலே மேலே அடித்திருக்கிறார். ஓரம் தடித்துவிட்டது. சாத்தினால் பின்தகட்டில் இடித்து, நகக்கண் அளவாவது பெயின்ட் உதிரும். உதிர்கிற நேரத்தில் கதவில் இருக்க வேண்டியது என் கை.

"ஐயோ, அது எப்படி மாஸ்டர்?" என்றேன். "உங்க ரெண்டு விரல் படாம இந்தப் பட்டறையில ஒரு கதவு சாத்தினதுண்டா? வாங்க. ஐயா உங்களுக்காகத்தான் பாட்டில் கொண்டாந்திருக்கார்."

"கை அழுக்கா இருக்கு."

"காட்டுங்க." பிஷப்பின் கை போலப் பளபளவென்று இருந்தது.

"இன்னிக்கு மணிக்கட்டு வலி..."

"ரெண்டு விரல்தானே மாஸ்டர்? மணிக்கட்டு எதுக்கு?"

உதவியாளர் இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார். ஒரெஸ்தே சிரிக்கவில்லை.

"லியார்க்கோ, சாத்து."

லியார்க்கோ வந்தார். இரண்டு விரலைக் கதவில் வைத்தார். விரல்கள் அங்கேயே நின்றன. டேப்பை உரிக்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. சிவப்பு அடித்த ஓவியர், தன் ஓவியத்தைத் தொடப் பயந்து நின்றார்.

ஒரெஸ்தே என் பக்கம் கையை நீட்டினார். சீட்டைக் கொடுத்தேன். டேப்பை உரித்தார். கதவைப் பின்தகட்டில் படாமல் நெருக்கி நிறுத்தி, குனிந்து, சீட்டை மேலிருந்து விட்டார். பாதியில் நின்றது. லேசாக அழுத்தினார். கோப்பை இரண்டு வளைந்ததே தவிர இறங்கவில்லை.

நிமிர்ந்தார். "வெள்ளிக்கிழமை வாங்க, வக்கீல் ஐயா. எங்க ஓவியர் இன்னும் கொஞ்சம் மெருகேத்தணும்கிறார்."

மிலான்காரருக்குப் புல்லரித்துவிட்டது. "கலைஞன்னா இப்படி இருக்கணும்!" என்று பாட்டிலை லியார்க்கோவின் கையில் திணித்துவிட்டுப் போனார்.

லியார்க்கோ அதை வாங்கிக்கொண்டார். நம்ப மாட்டீர்கள், குனிந்து வணக்கமும் வைத்தார்.

வக்கீலின் கார் தெரு முனை திரும்பும் வரை ஒரெஸ்தே காத்திருந்தார். பிறகு, "அந்தப் பானட் கோடும் உன் வாட்ச்தானே?" என்றார். லியார்க்கோ பாட்டிலின் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். ஒரெஸ்தே என்னிடம், "உன் டூல்ஸ் இருக்கிற இடத்துலயே இருக்கட்டும்" என்றார். மன்னிப்பு என்ற சொல் எங்கள் முதலாளிக்குத் தெரியாது. இதுதான் அது.

கதவைக் கழற்ற வேண்டும். கம்பளியை விரித்தேன்.

"பாட்டிலைக் கீழ வச்சுட்டு மறுமுனையைப் பிடிங்க, மாஸ்டர். முதல்ல அந்த வாட்ச்சைக் கழட்டுங்க."

கழற்றினார்.